நடுத்தண்ணீரில் வந்த போன்

சான்டா கிளாரா வழியாகப் போகும் லைட் ரயிலில், ஒரு சாயங்காலம், எனக்கு முன் சீட்டில் நாற்பது வயதை ஒட்டிய இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஜன்னல் பக்கம் இருந்தவர் வெயிலைப் பார்த்தபடியே சொன்னார்:

"ஆம்ஸ்டர்டாம்ல நான் தொலைஞ்சே போகலடி. அதனாலதான் அழுகை வந்துடுச்சு."

"என்னடி உளர்றே?"

"இங்க பதினோரு வருஷமா எங்க வீட்டுக்காரர் டிரைவ் பண்ணாத்தான் நான் வெளிய போவேன். இந்த ரயில்லகூட அங்க போயிட்டு வந்தப்புறம்தான் ஏறறேன். அங்க அவர் மீட்டிங் போயிட்டார். நான் பேங்க் கார்டை மெஷின்ல தட்டிட்டு டிராம்ல ஏறிட்டேன். கால்வாய், பாலம், மறுபடி கால்வாய். ஊரே மிதக்கற மாதிரி இருந்துச்சு. அப்புறம் ஸ்டேஷன் பின்னாடி ஃபெர்ரி, அக்கரைக்குப் போற படகு. டிக்கெட்டே கிடையாது, ஏறி நின்னா போதும். நடுத்தண்ணில போன் அடிக்குது. அவர்தான்."

"திட்டினாரா?"

"'எங்க இருக்கே? அங்கயே நில்லு, வந்து கூட்டிட்டுப் போறேன்'னார். 'ஃபெர்ரில இருக்கேன், நானே வந்துடுவேன்'னேன்."

"அப்புறம்?"

"'அப்போ என்னை வந்து கூட்டிட்டுப் போறியா? எனக்கு எந்த டிராம்னு தெரியல'ன்னார்."

"போனியா?"

"ரெண்டு டிராம் மாறிப் போனேன். லேப்டாப் பையை மடியில வச்சுக்கிட்டு, வர்ற டிராமையெல்லாம் பாத்துக்கிட்டு ஸ்டாப்ல உக்காந்திருந்தார்."