மர்மக் காய்ச்சல்

காலையில் கட்டஞ்சாயா குடிக்காமல் எனக்கு எழுத்து ஓடாது. பால் சேர்த்தால் பிடிக்காது, இனிப்பு மட்டும் கொஞ்சம் தூக்கலாக இருக்க வேண்டும். அந்த மழைக்காலத்தில் என் மனைவி சுனிதா பிரசவத்துக்குத் தாய்வீடு போயிருந்ததால், அடுத்த வீட்டு வடிவக்காதான் எனக்குச் சாயா போட்டுத் தந்தாள். முழுப்பெயர் சண்முகவடிவு. வயலில் களை பறிக்கப் போகிறவள். பித்தவெடிப்பில் அவள் குதிகால் இரண்டும் பிளந்து கிடக்கும்.

நான் ஒரு நாளிதழுக்குத் தோவாளைப் பகுதி நிருபர். பிச்சிப்பூ விலை, கோயில் கொடைவிழா, பஸ் கவிழ்ந்தது என்று எழுதுவேன். எல்லாம் மாவட்டப் பக்கத்தின் மூலையில் வரும். எங்கள் ஊரில் நாலைந்து பேர் காய்ச்சலில் விழுந்து ஒருவர் இறந்தபோது, 'மர்மக் காய்ச்சல்' என்று எழுதி அனுப்பினேன். எங்கள் தொழிலில் அது கைக்குப் பழகிய சொல். செய்தி முதல் பக்கத்தில் வந்தது. சென்னையிலிருந்து ஆசிரியரே கூப்பிட்டு, நாளைக்கும் கொடுங்கள் என்றார். எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

மறுநாள் சுகாதார ஆய்வாளர் சுயம்புராஜ் போன் செய்தார்.

"அண்ணாச்சி, ரிசல்ட் வந்தாச்சு. எலிக்காய்ச்சலாக்கும். வயல் தண்ணியில உள்ள கிருமி, கால் வெடிப்பு வழியா ஏறுது. தடுப்பு மாத்திரைய வச்சுக்கிட்டு உக்காந்திருக்கோம், ஒருத்தரும் வரமாட்டேங்காவ. நீங்க எழுதினா நம்புவாவ, கேட்டியளா."

எழுதுகிறேன் என்றேன். எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் பெயர் தெரிந்துவிட்ட நோயை யார் முதல் பக்கத்தில் போடுவார்கள்? ஒரு நாள் போகட்டும் என்று 'மர்மக் காய்ச்சல் தொடர்கிறது' என்று அனுப்பினேன். அடுத்த நாளும் அப்படியே நினைத்தேன். இடையில் சுயம்புராஜிடம் போய் எனக்கு வேண்டிய மாத்திரையை வாங்கிக்கொண்டேன். நானும் மழைத் தண்ணீரில் அலைகிறவன் அல்லவா.

அன்றைக்குச் சாயாவோடு வந்த வடிவக்கா வாசற்படியில் நின்றாள்.

"மாத்திரை குடுக்காவளாம் மக்கா. என்ன காச்சலுன்னே தெரியல்லன்னு நீதான எழுதியிருக்க. பொறவு எதுக்கு மாத்திரை?"

ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் அவளிடம் சொன்னால் பொழுது சாய்வதற்குள் ஊருக்கே தெரிந்துவிடும். மற்ற பத்திரிகைக்காரன் முந்திக்கொள்வான்.

"அதும் சரிதான் அக்கா" என்றேன்.

அவள் தந்த சாயாவில்தான் என் மாத்திரையை விழுங்கினேன். என்ன மாத்திரை என்று கேட்டாள். தலைவலிக்கு என்றேன். சூடாக ஏதாவது குடித்துவிட்டுப் படு என்று சொல்லி வயலுக்குப் போனாள்.

அவளுக்குக் காய்ச்சல் கண்டு, கண் மஞ்சளித்தது. நாகர்கோவிலுக்குக் கொண்டுபோனார்கள். பிணமாகத்தான் திரும்பி வந்தாள். அவள் கணவர் தாணு அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அவ போட்டோவ பேப்பர்ல போடு மக்கா" என்று அழுதார். போட்டேன். 'மர்மக் காய்ச்சலுக்கு மேலும் ஒரு பெண் பலி.' முதல் பக்கம்.

அதற்குப் பிறகு எலிக்காய்ச்சல் என்று எழுதினேன். ஊரே வரிசையில் நின்று மாத்திரை வாங்கியது. அதன்பின் ஒரு சாவும் இல்லை. அந்தப் பெருமை என் எழுத்துக்குத்தான் என்று சுயம்புராஜே சொன்னார். அதையும் நீங்கள் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

சுனிதா பிள்ளையோடு வந்துவிட்டாள். சாயா இப்போது அவள்தான் போடுகிறாள். நான் அதைத் தொடுவதில்லை. விடிந்ததும் வாசற்படியில் ஈரக் காலோடு வடிவக்கா நிற்கிறாள். சுனிதாவின் கண்ணுக்குத் தெரிவதில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது. வடிவக்கா கோபப்படுவதில்லை, கேட்க மட்டும் செய்கிறாள்.

"இப்பமாவது தெரிஞ்சுதா மக்கா, என்ன காச்சலுன்னு?"

"இன்னும் தெரியல்லக்கா" என்கிறேன்.