ஆசைக்கு மூன்று, அளவுக்கு மூன்று, பத்திரத்துக்கு மூன்று

வாருங்கள், கிட்டே வந்து உட்காருங்கள். அந்த நாற்காலிக்கு ஒரு கால் கட்டை. சுவரோரமாகத் தள்ளிப் போட்டுக்கொண்டால் ஆடாது. மகளை வீட்டில் விட்டுவிட்டுத் தனியாக வந்தது நல்லதாயிற்று. நீங்கள் கேட்டதற்கு ஒரே வார்த்தையில் பதில் சொல்லிவிடலாம். ஆனால் எனக்கு அப்படிச் சொல்லிப் பழக்கமில்லை. ஒரு கதை சொல்கிறேன், அது முடியும்போது உங்கள் பதில் உங்கள் மடியில் இருக்கும். பெரிய கதையில்லை தாயே. ஒரு பெண், ஒரு பட்டியல், ஒரு போன். கெட்டவர்கள் யாரும் இதில் வரமாட்டார்கள். நான்தான் வருகிறேன்.

உங்கள் முகம் எனக்குத் தெரியவில்லை, தப்பாக நினைக்காதீர்கள். நேரே பார்ப்பது மங்கிவிடும், ஓரத்தில் இருப்பது மட்டும் தெரியும் என்று கண் டாக்டர் சொன்னது அப்படியே நடந்துவிட்டது. உங்கள் காது நன்றாகத் தெரிகிறது. கதை சொல்ல அது போதும்.

பள்ளிக்கூடத்துக்கு எதிரே எங்கள் வீட்டுக்காரர் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தார். கல்லூரிக்கு விண்ணப்பிக்கிற பிள்ளைகள் எல்லாம் அங்கேதான் நகல் எடுக்க வருவார்கள். இயந்திரம் சூடாகும்வரை நான் ஒவ்வொரு தாளையும் படிப்பேன். யாருக்கு என்ன மார்க், எந்தக் கல்லூரி கூப்பிட்டது, எது கைவிரித்தது, எல்லாம் எனக்கு அத்துப்படி. இடமில்லை என்று வந்த கடிதத்தைக்கூட நகல் எடுப்பார்கள். அதை யாருக்கு அனுப்புவார்களோ, இன்றுவரை எனக்குப் புரியவில்லை. அவர் போன பிறகு கடையை மூடிவிட்டு, இந்த முன்னறையில் மேசையைப் போட்டு, பிள்ளைகளுக்குக் கல்லூரிப் பட்டியல் போட்டுக் கொடுக்க ஆரம்பித்தேன்.

தொழில் ரகசியம் ஒன்றுமில்லை. ஒன்பது கல்லூரி. மூன்று ஆசைக்கு: நூறு பேர் கேட்டால் ஐந்தாறு பேரை எடுப்பவை. மூன்று அளவுக்கு: உன் மார்க்குக்குப் பாதிக்குப் பாதி கிடைக்கும். மூன்று பத்திரத்துக்கு: மற்றதெல்லாம் கைவிட்டாலும் இது விடாது. ஆசை மட்டும் இருந்தால் பிள்ளை தெருவில் நிற்கும், பத்திரம் மட்டும் இருந்தால் வாழ்நாளெல்லாம் உள்ளுக்குள் பொருமும். இவ்வளவுதான். இதைச் சொன்னால் பெற்றவர்களுக்குக் கோபம் வரும். மருந்துக்கடைக்காரர் ஒரு பட்டியலைத் தாமே எழுதிக்கொண்டு வந்தார்.

"ஒம்போதும் ஆசையாவே இருக்கே, தம்பி?"

"பையனுக்கு நம்பிக்கை வேணுமில்லம்மா?"

"பையனுக்கு இருந்தா போதுமா? காலேஜுக்கும் இருக்கணுமே."

"அவன் புத்திசாலிம்மா. படிக்க மாட்டேங்கிறான், அவ்ளோதான்."

இந்தத் தெருவில் புத்திசாலி இல்லாத பிள்ளையை நான் பார்த்ததே இல்லை. படிக்காத புத்திசாலிகளை எந்த வரிசையில் போடுவது என்பதுதான் சிரமம்.

சரி, பெண்ணுக்கு வருவோம். என் தங்கை மகள். தங்கை காலமானபோது அவள் சின்னப் பிள்ளை. அவள் அப்பா லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிறவர், எப்போது எந்த மாடியில் தொங்குவார் என்று அவருக்கே தெரியாது. ஆகவே பிள்ளை என்னிடமே வளர்ந்தாள். 'பெரியம்மா' என்று ஒரு கூப்பிடு கூப்பிட்டால் தேன் வழியும். அட்டையை வெட்டி வீடு கட்டுவாள். பொம்மை வீடு இல்லை, சன்னல் எந்தப் பக்கம் வைத்தால் காற்று வரும் என்று யோசித்துக் கட்டிய வீடு. கட்டடக்கலை படிக்க வேண்டும் என்பது அவள் கனவு. மார்க்கும் அதற்கு ஏற்ற மார்க்.

அவள் பள்ளி முடிக்கிற வருடம்தான் டாக்டர் என் கண்ணைப் பற்றிச் சொன்னார். அதற்கு முன்பே கணினித் திரையில் இருப்பதை எனக்கு வாசித்துக் காட்டுவது அவள்தான், நான் சொல்லச் சொல்ல அடிப்பதும் அவள்தான். கண்ணுக்கு மருந்து விடுவதும் அவள். அவளை வேலை வாங்கினேன் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கல்லூரி நடைமுறை எல்லாம் அவளுக்குத் தண்ணி பட்ட பாடு ஆயிற்று என்றால் அது யாருடைய தயவு?

"பெரியம்மா, என் லிஸ்ட்டை எப்ப போடப் போறீங்க?"

"எல்லாரோடதும் முடியட்டும்டி. உன்னோடது கடைசில, நிதானமா, அழகா."

அழகாகத்தான் போட்டேன். அவள் பள்ளி ஆசிரியை அதைப் பார்த்துவிட்டு, இவ்வளவு சமச்சீரான பட்டியலைப் பார்த்ததே இல்லை என்றார். எனக்கும் பெருமையாக இருந்தது. ஆசைக்கு மூன்று. அவற்றில் நான் எதையும் தொடவில்லை, அவை தாமாகவே கைவிரிக்கக் கூடியவை. அளவுக்கு மூன்று. கல்லூரி என்று பார்த்தால் கேட்டவர்களில் பாதிப் பேருக்கு இடம் உண்டு. கட்டடக்கலைக்கு மட்டும் ஒரு பிடி இடம். கல்லூரியின் வாசல் அகலம், அந்தப் படிப்பின் வாசல் ஊசிக்காது. எல்லாப் பிள்ளைகளுக்கும் சொல்கிற இந்த விஷயத்தை அவளிடம் சொல்லவில்லை. மறந்துவிட்டேன் என்று சொன்னால் நீங்கள் நம்பவா போகிறீர்கள்?

பத்திரத்துக்கு மூன்று. இங்கேதான் கொஞ்சம் கைவேலை. சில கல்லூரிகளுக்கு ரோஷம் அதிகம். பெரிய மார்க் வாங்கிய பிள்ளை, எட்டிக்கூடப் பார்க்காமல் விண்ணப்பம் மட்டும் அனுப்பினால், இது எப்படியும் வேறு இடத்துக்குப் போகிற பிள்ளை, நாம் ஏன் இடம் கொடுத்து ஏமாற வேண்டும் என்று முந்திக்கொண்டு மறுத்துவிடுவார்கள். நேரில் ஒரு நடை போய் நின்றால் கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொள்வார்கள். அப்படிப்பட்ட மூன்றைப் பொறுக்கி எடுத்தேன். அவள் போய்ப் பார்க்கத்தான் கிளம்பினாள். அவள் அப்பாவும் லீவு சொல்லிவிட்டு வந்து நின்றார்.

"சும்மா குடுக்கிற இடத்துக்கு லீவு போட்டுட்டு ஓடுவாங்களா, தம்பி? நம்ம புள்ளைக்கு ஒரு மதிப்பு வேண்டாமா?"

"அக்கா சொன்னா சரியாத்தான் இருக்கும்," என்று அவர் பையைக் கீழே வைத்துவிட்டார். நல்ல மனிதர். அறுந்த கம்பியைத் தொட்டுப் பார்த்தே கண்டுபிடிப்பார், மனிதர்கள் விஷயத்தில் அவ்வளவு போதாது.

பிறகு பதில்கள் வந்தன. ஒவ்வொன்றாக அவளே எனக்கு வாசித்துக் காட்டினாள். வேறு யார் வாசிப்பது? 'வருந்துகிறோம்' என்ற சொல்லை அவள் ஒரே மாதிரிக் குரலில் வாசித்தாள். ஒன்பதாவதையும் வாசித்து முடித்துவிட்டு, "பத்திரம்னு சொன்னதும் போச்சே, பெரியம்மா," என்றாள். அவள் தலையைத் தடவிக் கொடுத்தேன். காலம் கெட்டுக் கிடக்கிறது என்றேன். நானும் அழுதேன். பொய்யில்லை, டாக்டர் அழக் கூடாது என்று சொல்லியிருந்தும் அழுதேன்.

இத்தோடு முடிந்திருந்தால் நானும் கல்லூரிகள்மேல் பழியைப் போட்டுவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன். ஆனால் ஒன்பதில் ஒன்று முழு மறுப்பில்லை. ஆசைக்குப் போட்ட ஒன்றில், எல்லாவற்றிலும் பெரியதில், அவளைக் காத்திருப்போர் வரிசையில் வைத்திருந்தார்கள். அந்த வரிசையில் நிற்கிறவர்களுக்கு இடம் கிடைப்பது அபூர்வம், அதனால் நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு நாள் மத்தியானம் போன் அடித்தது. விண்ணப்பத்தில் கொடுத்திருந்தது என் எண். பெரியவர்கள் எண் இருந்தால் மரியாதை என்று நான்தான் சொல்லியிருந்தேன். அவள் மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். ஈரத் துணியை உதறும் சத்தம் கேட்டது.

கல்லூரியிலிருந்து ஒரு பெண் பேசினாள். ஓர் இடம் காலியாகியிருக்கிறதாம்.

"பேசுறது விண்ணப்பம் போட்டவங்கதானே?"

"நான்தான்."

"குரல் கொஞ்சம் ஒரு மாதிரி..."

"சளி பிடிச்சிருக்கு."

"கட்டடக்கலையில ஒரு இடம் இருக்கும்மா. சேர்றீங்களா? இப்பவே சொல்லணும், அடுத்தவங்க காத்திட்டிருக்காங்க."

"இல்லைங்க. வேற இடம் முடிவாயிடுச்சு. ரொம்ப நன்றி."

அந்த நன்றியை மனதாரத்தான் சொன்னேன். வேறு இடம் முடிவாகிவிட்டது என்றதும் பொய்யில்லை. நீங்கள் உட்கார்ந்திருக்கும் இதே அறைதான்.

அவள் காலி வாளியோடு இறங்கி வந்தாள்.

"யாரு பெரியம்மா போன்ல?"

"ராங் நம்பர்."

"ரொம்ப நேரம் பேசினீங்க?"

"பாவம், அவங்களுக்குப் பேச்சுத் துணைக்கு ஆள் இல்லபோல."

அவள் சிரித்தாள். அந்த இடம் அன்றைக்கே வேறு ஒரு பிள்ளைக்குப் போயிருக்கும். யார் பெற்ற பிள்ளையோ, நன்றாக இருக்கட்டும். அந்த வீட்டில் சந்தோஷத்தைக் கொண்டுவந்ததில் எனக்கும் ஒரு பங்கு உண்டு. இதையெல்லாம் யார் கணக்கில் எடுக்கிறார்கள்?

ஏன் செய்தேன் என்று உங்கள் காது கேட்கிறது. அவளுக்காகத்தான். வெளியூர், வெளிச்சாப்பாடு, முன்பின் தெரியாத முகங்கள். அம்மா இல்லாத பெண்ணை எப்படி அனுப்புவேன்? என் கண்ணுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அது தற்செயல். அடுத்த வருடம் பார்க்கலாமா அக்கா என்று அவள் அப்பா கேட்பார், பார்க்கலாம் தம்பி என்பேன். அடுத்த வருடங்களுக்கு என்ன பஞ்சமா, வந்துகொண்டேதான் இருந்தன. அட்டை வீடுகள் அலமாரி மேலே ஏறின. அவள் ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் விண்ணப்பம் அடித்தாள். கூப்பிட்ட குரலுக்கு அடுத்த அறையிலிருந்து 'இதோ, பெரியம்மா' என்று பதில் வரும். உலகத்தில் இதைவிட வேறென்ன வேண்டும், சொல்லுங்கள்.

ஒரே ஒரு தடவை எனக்குச் சற்று விசித்திரமாக இருந்தது. இரண்டு வருடத்துக்கு முன்பு, மருந்துக்கடைக்காரருடைய இளையவன் விஷயமாக அதே பெரிய கல்லூரியிலிருந்து பேசினார்கள். இந்தத் தடவை போனை எடுத்தது அவள். நெடுநேரம் பேசினாள். அந்தக் கல்லூரியில் பழைய விண்ணப்பங்களையெல்லாம் பத்திரமாக வைத்திருப்பார்களாம், யார் எப்போது என்ன சொன்னார்கள் என்பதுவரை. அன்று எனக்கு மருந்து விட உட்கார்ந்தவள் கேட்டாள்.

"பெரியம்மா, அன்னிக்கு உங்களுக்குச் சளி பிடிச்சிருந்துச்சா?"

"என்னிக்கு?"

"சும்மா கேட்டேன். அசையாம இருங்க," என்று சொட்டு மருந்தை விட்டாள். எப்பேர்ப்பட்ட பாசம் பாருங்கள், என்றைக்கோ வந்த சளியைக்கூட விசாரிக்கிறாள்.

அதற்குப் பிறகு அதிர்ஷ்டம் என்ற ஒன்று இந்தத் தெருவில் தலைகால் புரியாமல் ஆடுகிறது. பக்கத்திலேயே இருக்கட்டும் என்று நான் பட்டியல் போட்ட பிள்ளைகள் எல்லாம் எங்கெங்கோ போகிறார்கள். தையல்காரர் மனைவி, உங்களைப் போலவே தனியாக வந்து, உங்களைப் போலவே கேட்டாள். ஒன்பதும் நடந்து போகிற தூரத்தில் போட்டேன். அவள் மகள் விமானம் ஏறிப் போய்விட்டாள், அதுவும் கட்டணமே இல்லாத இடத்தில். அந்தம்மா இங்கே வந்து அழுதாள்.

"என்னடி இது, நான் சொன்னதைத்தானே அடிச்ச?"

"நீங்க சொன்னதை அப்படியே அடிச்சேன், பெரியம்மா. சான்ஸுன்னு ஒண்ணு இருக்கில்ல? நீங்கதானே சொல்லுவீங்க."

நான்தான் சொல்வேன். திரையில் என்ன இருந்தது என்று நான் எப்படிப் பார்ப்பது? அவள் வாசித்ததுதான் எனக்குத் திரை.

போன மழைக்காலத்தில் ஒரு சந்தேகம் கேட்டாள். பள்ளி முடித்துச் சில வருடம் வீட்டில் இருந்த ஒரு பெண், இப்போது விண்ணப்பித்தால் வாய்ப்பு எப்படி? எனக்குத் தெரிந்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னேன். தாமதமாக வருகிறவர்களை விரும்பி எடுக்கும் கல்லூரிகள் எவை, எந்தப் படிப்பில் எத்தனை இடம், நேரில் ஒரு நடை போய் நிற்பது எவ்வளவு நல்லது, எல்லாம். கடைசியில், "அந்தப் பொண்ணு யாரோட நம்பரையும் குடுக்க வேண்டாம், தன்னோட சொந்த நம்பரைக் குடுக்கச் சொல்லு," என்றேன். தொழில் என்று வந்துவிட்டால் நான் யாருக்கும் துரோகம் நினைப்பதில்லை.

"அதை முதல்லயே குடுத்தாச்சு, பெரியம்மா," என்று சிரித்தாள். எவ்வளவோ காலத்துக்குப் பிறகு கேட்ட சிரிப்பு. யார் அந்தப் பெண் என்று கேட்க மறந்துவிட்டேன். கெட்டிக்காரப் பெண்ணாகத்தான் இருக்கும்.

இப்போது உங்கள் விஷயம். மகள் தூரமாகப் போய்விடாதபடி ஒரு பட்டியல், பார்த்தவர்கள் குறை சொல்ல முடியாதபடி ஒரு பட்டியல், போட்டுத் தர முடியுமா என்று கதவைச் சாத்திவிட்டுக் கேட்டீர்களே, முடியும். வேறு யாரிடமும் சொல்லாததை உங்களிடம் சொன்னேன் என்றால் நீங்களும் ஒரு தாய், அதனால்தான். மகளுடைய மார்க்கை அந்தத் தாளில் எழுதி வைத்துவிட்டுப் போங்கள். நான் சொல்லச் சொல்ல என் தங்கை மகள் அடித்து, தன் கையாலேயே அனுப்பிவிடுவாள்.

உங்களுக்குத் தண்ணீர் கொண்டுவரச் சொல்லியிருப்பேன், அவள் வீட்டில் இல்லை. காலையில் அவள் அப்பா வந்து கூட்டிக்கொண்டு போனார். ஏதோ ஒரு கல்லூரியை நேரில் பார்க்க வேண்டுமாம், யாரோ ஒரு பிள்ளைக்காக. பை கொஞ்சம் பெரிதாக இருந்தது, ஓரக்கண்ணில் பட்டது. அலமாரி மேலே இருந்த அட்டை வீடுகளையும் காணவில்லை. தூசி தட்ட எடுத்து வைத்திருப்பாள். கிளம்பும்போது என் காலைத் தொட்டுவிட்டு, மருந்துப் புட்டியை என் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடிவிட்டாள். "நீங்களே விட்டுப் பழகிக்குங்க, பெரியம்மா," என்றாள். விளையாட்டுப் பிள்ளை. சாயங்காலம் வந்துவிடுவாள்.

போய் வாருங்கள் தாயே. கதவை அப்படியே விடுங்கள், அவள் வந்து சாத்திக்கொள்வாள். நீங்கள் கூப்பிடும் குரலுக்கு அடுத்த அறையிலிருந்து என்றைக்கும் பதில் வரட்டும். பெற்ற மனம் குளிர்ந்து, பிள்ளை பக்கத்தில் இருந்து, என் வீட்டைப் போலவே உங்கள் வீடும் எப்போதும் நிறைந்திருக்கட்டும்.