அறுபது புள்ளி பூஜ்ஜியம்

தங்கை: ஒண்ணுமே தெரியலக்கா. நேரம் காட்டற போர்டு கன்னங்கரேல்னு இருக்கு.

அக்கா: இப்ப?

தங்கை: ம்ஹூம்... ஆ, வந்திருச்சு! நூறு.

அக்கா: நூறுதான் அனுப்பினேன். கண்ண எடுக்காத... இப்ப?

தங்கை: தொள்ளாயிரத்துத் தொண்ணூறு.

அக்கா: ஏய், விளையாடாத. நான் அனுப்பினது தொண்ணூத்தொம்பது.

தங்கை: அங்க பின்னாடி கம்பிக்குள்ள தலைய விட்டுக்கிட்டுச் சொன்னா எப்படி? முன்னாடி வந்து பாரு. ஒம்பது, ஒம்பது, பூஜ்ஜியம்.

அக்கா: ஓ... பழைய பூஜ்ஜியம் அழியாம நிக்குது. மூணு எழுத்து இருந்த எடத்துல ரெண்டுதான அனுப்பினேன். மூணாவது கட்டம் அப்படியே கெடக்கு. முன்னாடி ஒரு காலி எடத்தையும் சேத்து அனுப்பணும்.

தங்கை: அதுகூடவா இதுக்குத் தானாத் தெரியாது?

அக்கா: தெரியாது. இந்தச் சின்னக் கம்ப்யூட்டர் சில்லு ஒவ்வொரு எழுத்தா கம்பி வழியா அனுப்பும். போர்டு வாங்கி வாங்கி வரிசையா வைக்கும். அவ்வளவுதான். புத்தி எல்லாம் அனுப்பறவகிட்ட இருக்கணும்.

தங்கை: அப்ப பாவம், போர்டு!

அக்கா: வாயி... ஒரு உதவிக்குக் கூப்பிட்டா போதும், ஏறி உக்காந்துக்குவ. சரி, இப்ப படி.

தங்கை: தொண்ணூத்தொம்பது. அழகா இருக்கு. கிளம்பலாமா?

அக்கா: அதுக்குள்ளயா? நீச்சல் குளத்த ஒரு தடவகூடத் திரும்பிப் பாக்க மாட்டேங்கற. ஆறு வாரத்துக்கு முன்னாடி இங்கயே குடியிருந்தவ நீ.

தங்கை: குளோரின் நாத்தம் கொடலப் பொரட்டுது. சீக்கிரம் முடி.

அக்கா: இன்னும் ரெண்டே ரெண்டு. படி.

தங்கை: அம்பத்தொம்பது புள்ளி நாலு.

அக்கா: சரி. இது?

தங்கை: அறுவது புள்ளி பூஜ்ஜியம்.

அக்கா: நான் என்ன அனுப்பினேன்னு நினைக்கற?

தங்கை: அறுவது. வேற என்ன?

அக்கா: இல்ல. அம்பத்தொம்பது புள்ளி ஒம்பது ஆறு.

தங்கை: வெயில் சுள்ளுன்னு அடிக்குதுக்கா. வா, போலாம்.

அக்கா: நில்லுடி. புள்ளிக்கு அப்புறம் ஒரே ஒரு இலக்கம் காட்டினாப் போதும்னு சில்லுல எழுதினது நான்தான். பளிச்சுனு இருக்குமேன்னு... ஒரு இலக்கமாச் சுருக்கும்போது அது பக்கத்துல எது இருக்கோ அதுக்கு ஏத்தி விட்டுடும். இதுக்குப் பக்கத்துல இருந்தது அறுவது.

தங்கை: சரி, இனிமே ரெண்டு இலக்கமாக் காட்டச் சொல்லு. முடிஞ்சு போச்சு.

அக்கா: முடியல. இது நான் சும்மா அடிச்ச எண்ணு இல்ல.

தங்கை: பின்ன?

அக்கா: உன்னோடது. போட்டி அன்னைக்கு நீ நீந்தின நேரம். போர்டுல சுருங்கிப் போனாலும் சில்லுக்குள்ள முழுசாப் பதிஞ்சிருந்துச்சு. முந்தாநாள்தான் என் கண்ணுல பட்டுச்சு. மத்தவங்க நேரத்தையும் அலசிட்டேன், யாருக்கும் எதுவும் மாறல. உனக்கு மட்டும்தான்...

தங்கை: அக்கா, விடு.

அக்கா: அறுவது செகண்டுக்குள்ள வந்தா பயிற்சி முகாம்ல எடம்னாங்க. நீ வந்துட்டடி! நடுவர் என் போர்டப் பாத்து எழுதிட்டாரு. "எனக்கு நீச்சலே அலுத்துப் போச்சு"ன்னு அன்னைக்கு ராத்திரி சாப்பிடாம படுத்தியே... அது என்னாலதான்.

தங்கை: இத வேற யார்கிட்டயும் சொல்லிடாத.

அக்கா: ஏன்?

தங்கை: ஏன்னா? பாப்பா பொறந்து மூணு வருஷம் வீட்டோட இருந்துட்டு இப்பதான் வேலைக்குப் போயிருக்க. நீயே தனியாச் செஞ்ச முதல் போர்டு இது. உங்க முதலாளி சும்மா இருப்பாரா?

அக்கா: இருந்தாரு.

தங்கை: என்னது?

அக்கா: காலையிலயே எழுதிக் குடுத்துட்டுத்தான் உன்னக் கூப்பிட்டேன். அவருக்கு ஒண்ணு, போட்டி நடத்தின குழுவுக்கு ஒண்ணு. தப்பு என்னுதுன்னு கையெழுத்துப் போட்டு.

தங்கை: ஐயோ... என்ன சொன்னாரு?

அக்கா: ரெண்டு தடவ படிச்சாரு. ஒரு சொம்புத் தண்ணியக் குடிச்சாரு. அப்புறம், "போயி முதல்ல அதச் சரி பண்ணிட்டு வாம்மா"ன்னாரு. அதான் இங்க நிக்கறேன்.

தங்கை: வேலை போகலியே?

அக்கா: இன்னைக்கு வரைக்கும் போகல... ஏய், இரு. இவ்வளவு பெரிய விஷயத்தச் சொல்றேன், நீ குதிக்கவும் இல்ல, கத்தவும் இல்ல. என் வேலையப் பத்தியே கேக்கற.

தங்கை: குதிக்கறதுக்கு எடமா இது? வழுக்கும்.

அக்கா: மழுப்பாத. உனக்கு முன்னாடியே தெரியுமா? என் மூஞ்சியப் பாத்துச் சொல்லு.

தங்கை: கோச் கையில ஒரு கடிகாரம் வெச்சிருந்தாருக்கா. அதுல அறுவதுக்குக் கீழதான் காட்டுச்சு. "ஆட்சேபம் எழுதிக் குடு, போர்டக் கழட்டிப் பாக்கட்டும்"னு காகிதமும் பேனாவும் குடுத்தாரு. பேரு வரைக்கும் எழுதிட்டேன்.

அக்கா: அப்புறம்?

தங்கை: நிமிந்து பாத்தேன். நீ போர்டுக்குக் கீழ நின்னுக்கிட்டு, பாப்பாவத் தோள்ல தூக்கி, "இது அம்மா செஞ்சது, அம்மா செஞ்சது"ன்னு காட்டிட்டிருந்த. பாப்பா கை தட்டுச்சு... காகிதத்த மடிச்சுப் பையில போட்டுக்கிட்டேன்.

அக்கா: அடிப் பைத்தியமே.

தங்கை: அடுத்த வருஷமும் முகாம் வரும்ல. உனக்கு அப்படி ஒரு நாள் வந்து எத்தனை வருஷமாச்சு?

அக்கா: என்னக் கேட்டியா நீ? உன் எடத்தப் பிடுங்கிக்கிட்டு நான் பல்லக் காட்டிட்டு நின்னிருக்கேன்...

தங்கை: அழாதக்கா. கம்பியில கண்ணீர் பட்டா ஷாக் அடிக்கப் போகுது.

அக்கா: அடிக்கட்டும்.

தங்கை: குழுவுல என்ன சொன்னாங்க?

அக்கா: பதிவு சரியாத்தான் இருக்குன்னாங்க. ஆனா தப்பு நடந்த போர்டு, அத மட்டும் நம்பி எடம் குடுக்க முடியாதாம். வெள்ளிக்கிழமை ரெண்டு நடுவர் முன்னாடி இன்னொரு தடவ நீந்திக் காட்டணும். நானும் சரின்னு தலைய ஆட்டிட்டேன். வெளிய வந்தப்புறம்தான் யோசிக்கறேன். ஆறு வாரமா தண்ணியில கால நனைக்காதவ, மூணே நாள்ல எப்படிடி...?

தங்கை: யாரு நனைக்கலன்னா? விடிகாலையில நடக்கப் போறேன்னு கிளம்பறது எல்லாம் காலேஜ் குளத்துக்குத்தான். இன்னைக்குக் காலையில அம்பத்தொம்பது புள்ளி மூணு. நான் நீந்தறது வீட்ல எல்லாருக்கும் தெரியும்கா... கேட்டா நீ அன்னைக்கு நடந்தத நோண்டுவன்னு உன் காதுல மட்டும் போட வேணாம்னு அம்மாகிட்ட சொல்லி வெச்சிருந்தேன்.