கொரியா வண்டிக்கு எட்டு மார்க்

"ஹலோ... ஆமாங்க, தேவிப்பிரியாதான் பேசறேனுங்க... சொல்லுங்க சார்... ஆமாங்க, ஆமாங்க, நேத்து மெட்ராஸ்ல இருந்து கூப்பிட்டாங்க... எட்டுதான் போட்டேன்... ஏனுங்க, அதுல என்னங்க தப்பு?"

போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, தேவிப்பிரியா கையிலிருந்த பனியனைத் திருப்பிப் போட்டாள். திருப்பூரில் ஒரு ஏற்றுமதிக் கம்பெனியின் செக்கிங் பிரிவில் பதினேழு வருஷமாகக் குப்பை கொட்டுகிறவள் அவள். இப்போது அந்தப் பிரிவுக்கே அவள்தான் தலைமை. தையல் அரை விரற்கடை கோணினாலும், நூல் ஒன்று பிசிறி நின்றாலும், அந்த இடத்தில் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கரை ஒட்டி ஓரமாகத் தள்ளிவிடுவாள். அப்புறம் முதலாளியே வந்து நின்று கேட்டாலும் அந்த ஸ்டிக்கரை உரிக்க மாட்டாள்.

போனில் பேசியது அவள் கார் வாங்கிய ஷோரூமின் மேனேஜர் சசிகுமார். காலையிலிருந்து இது மூன்றாவது தடவை. முதல் இரண்டு தடவை அவள் எடுக்கவில்லை. போன வாரம் வண்டியைச் சர்வீஸுக்கு விட்டாள். நேற்று கார் கம்பெனியின் சென்னை ஆபீஸிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டு, வண்டிக்கும் சர்வீஸுக்கும் சேர்த்துப் பத்துக்கு எத்தனை மார்க் என்று கேட்டாள். இவளும் யோசித்து, எட்டு என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டாள். விஷயம் அவ்வளவுதான்.

"கோவமெல்லாம் ஒண்ணும் இல்லீங்க... அட, எட்டுன்னா நெம்ப நல்ல மார்க்குங்க சார். என்ற ஊட்டுக்காரருக்கே நான் ஏழுதான் போடுவேன்..."

அந்தப் பக்கம் யாரும் சிரித்ததாகத் தெரியவில்லை. அவளும் சிரிப்புக்காகச் சொல்லவில்லை. பத்து என்பது சாமிக்குப் போடுகிற மார்க், மனுஷன் செய்த எதற்கும் அது கிடையாது என்பது அவள் கட்சி. அந்த மார்க் பெற்ற பனியன் இதுவரைக்கும் அந்தக் கம்பெனியிலிருந்து கப்பல் ஏறியதில்லை.

"ரெண்டு எதுக்குக் கொறைச்சேனா... சொல்றேன். பின்னாடி கதவு ஒரே சாத்துல சாத்திக்க மாட்டேங்குது, ரெண்டு தடவ சாத்தோணும். அதுக்கொண்ணு. நாலு மணிக்கு வண்டி தர்றேன்னு சொல்லிப்போட்டு அஞ்சரைக்குக் குடுத்தீங்க. அதுக்கொண்ணு... ரெண்டும் சின்னக் குறைங்க, நான் பெருசு பண்ணல... என்னது... சீட் கவரா... எனக்கு எதுக்குங்க ஓசியில சீட் கவரு?"

அவளுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. சரக்கைப் பார்த்தும் பார்க்காமல் விடச் சொல்லி, துணிக்காரர் ஒருத்தர் தீபாவளிக்குக் கொண்டுவந்த வெள்ளிக் குத்துவிளக்கையே வாசலோடு திருப்பி அனுப்பியவள் அவள். அவளிடம் போய்ச் சீட் கவரை நீட்டினால் வேறு என்ன வரும்?

"நான் உங்க வண்டிய மட்டம் தட்டறேன்னு நெனைக்கறீங்க... இல்லீங்க, கொஞ்சம் பொறுங்க, நான் சொல்லி முடிச்சுக்கறேன்..."

மட்டம் தட்டியவர்கள் வேறே இருந்தார்கள். மூன்று வருஷத்துக்கு முன்னால் தன் சம்பளத்தில் அந்தச் சின்னக் கொரியா வண்டியை வாங்கிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினாள். பல்லடத்திலிருந்து கொழுந்தனார் தன் பெரிய வண்டியில் பார்க்க வந்தார். சுற்றி வந்தார், பானெட்டை விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார், தகர டப்பா என்றார். டிவி விற்கிறவன் ஊர்க் கார் டிவி மாதிரிதான் இருக்கும், லாரிக்காரன் தும்மினால் பறந்துவிடும் என்று சொல்லிவிட்டுக் காபி குடித்தார். வீடே சிரித்தது. தேவிப்பிரியாவும் சேர்ந்து சிரித்துவிட்டு, உள்ளே போய் அழுதாள். அந்த அழுகை அவளுக்கு இன்னும் ஆறவில்லை.

"அறுபத்திரண்டாயிரம் கிலோமீட்டர் ஓடியிருக்குதுங்க. ஒரு நா நடுரோட்டுல நின்னதில்ல. ஆடிக் காத்துல உடுமலைப்பேட்டைக்கு வாராவாரம் போயிட்டு வர்றேன், எங்கயும் பறந்து போவல... எங்க கம்பெனில என்னையக் கேட்டுட்டு மூணு பேரு இதே வண்டி வாங்கியிருக்கறாங்க, தெரியுமுங்களா? கட்டிங் மாஸ்டர் கியாசுதீன் பாய், டிக்கி சின்னதுன்னு இன்னைக்கும் பொலம்பறாரு. வித்துப்போட வேண்டியதுதானேன்னா சண்டைக்கு வர்றாரு... அவுங்கெல்லாம் எதுக்கு வாங்குனாங்கன்னு நெனைக்கறீங்க? நான் எட்டுன்னு சொன்னதுக்கு வாங்குனாங்க. பத்துன்னு சொல்லியிருந்தா ஒருத்தரும் நம்பியிருக்க மாட்டாங்க."

சொல்லி முடித்ததும் அவளுக்கே நெஞ்சு நிமிர்ந்தது. அடுத்த பனியனை எடுத்து விரித்தாள்.

"என்னது... எட்டு போட்டாச் சைபருக்குச் சமமா?... ஒம்பதும் பத்தும் மட்டுந்தான் கணக்குல வருமா... அப்ப எட்டு வரைக்கும் எண்ணு எதுக்குங்க வெச்சிருக்கறீங்க?... செரி... செரி... ம்... யாரு பேருல?... பாண்டித்துரையா?"

பனியன் பாதி விரிந்தபடி நின்றது.

பாண்டித்துரை அந்த ஷோரூமில் மெக்கானிக். மதுரைப் பக்கத்து ஆள். போன வருஷம் அவள் வண்டிக்குப் பிரேக் பேட் மாற்ற வேண்டும் என்று ஷோரூம் மேஜையில் வண்டியை வாங்கிக்கொள்கிறவர்கள் எழுதிக் கொடுத்திருந்தார்கள். பாண்டித்துரை சக்கரத்தைக் கழற்றிப் பார்த்துவிட்டு, இது இன்னும் ஆறு மாசம் தாங்கும், இப்போது மாற்ற வேண்டாம் என்று அந்த வரியை அடித்துவிட்டார். அன்றிலிருந்து அவர் இருக்கிற நாள் கேட்டுத்தான் தேவிப்பிரியா வண்டியை விடுகிறாள். நேற்று போட்ட எட்டில் பாதிக்கு மேல் அவருக்காகப் போட்டது.

"இன்னையோட நிறுத்தறீங்களா... நான் போட்ட மார்க்குக்கா?... இந்த மாசத்துல ரெண்டாவது தடவயா... இருக்கட்டும், அதுக்கு ஒரு ஆள... பத்துன்னு ஒரு வார்த்த சொன்னாப் போதுமா... மெட்ராஸ லைன்ல சேத்திவிடறீங்களா... இருங்க. இருங்க சார்."

இந்தப் பேச்சை அவள் முன்னாலும் கேட்டிருக்கிறாள். வேலைக்கு வந்த இரண்டாம் வருஷம், மூக்கம்மாள் என்று ஒரு தையல்காரம்மா தைத்த சரக்கில் தோள்பட்டைத் தையல் ஏறியும் இறங்கியும் இருந்தது. நீ பாஸ் போடாவிட்டால் அந்தம்மாவை வீட்டுக்கு அனுப்பிவிடுவேன் என்றார் சூப்பர்வைசர். இவளும் பாவம் பார்த்துப் பாஸ் போட்டாள். சரக்கு கப்பலில் போய்க் கப்பலிலேயே திரும்பி வந்தது. அந்த வாரமே மூக்கம்மாளை அனுப்பிவிட்டார்கள். சூப்பர்வைசர் அதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அன்றைக்குத் தலையாட்டாமல் சண்டை போட்டிருந்தால் அந்தம்மாவின் வேலை பிழைத்திருக்கும் என்று தேவிப்பிரியா இன்றைக்கும் நினைக்கிறாள்.

"போனப் பாண்டித்துரைகிட்ட குடுங்க... மத்ததெல்லாம் அப்பறம், குடுங்க சார்..."

"பாண்டித்துரைங்களா... நாந்தான் தம்பி... அட உடுங்க, நீங்க எதுக்கு என்கிட்ட மன்னிப்புக் கேக்கறீங்க... வண்டி எடுக்கறப்பவே பத்து போடச் சொல்லித்தான் எல்லாரும் அனுப்புவாங்களாமா. நீங்க ஏன் சொல்லல?... கேட்டு வாங்குனா அது மார்க்கே இல்லியா... அதுஞ்செரிதான்... இப்பச் சொல்லுங்க. நான் என்ன சொல்லட்டும்?... ம்... பாப்பா ஒம்பதாவது போகுதா... ம்... ம்... பத்துன்னே சொல்லிப்போடோணுமா... நீங்களா கேக்கறீங்க, இல்ல மேனேஜரு பக்கத்துல நிக்கறாரா?"

பதிலுக்குக் காத்துக்கொண்டே பனியனை மடித்து வைத்தாள். தேவிப்பிரியா அவசரப்படுத்தவில்லை. அவளுக்குப் பயமாக இருந்தது. அந்த மனுஷன் இன்னொரு தடவை வாய்விட்டுக் கேட்டுவிட்டால் பத்து என்று சொல்லிவிடுவோம், அப்புறம் இந்த மேஜைக்கு முன்னால் நிற்கவே கூசும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

"என்னங்க... எட்டே இருக்கட்டுமா... நெசமாத்தான் சொல்றீங்களா?... செரி தம்பி. போதும். போன அவருகிட்டயே குடுங்க. எங்கயும் போயிராதீங்க, அங்கயே நில்லுங்க."

உயிர் வந்த மாதிரி இருந்தது அவளுக்கு. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"செரிங்க சார், மெட்ராஸச் சேத்திவிடுங்க... மார்க்க மாத்தத்தான் போறேன்... நீங்களும் லைன்லயே இருங்க. இருக்கறீங்களா... செரி."

கொஞ்ச நேரம் பாட்டு ஓடியது. பிறகு, இந்த அழைப்பு பதிவு செய்யப்படுகிறது என்று ஒரு குரல் ஆங்கிலத்திலும் தமிழிலும் சொன்னது. வழக்கமாக அதைக் காதில் வாங்காதவள் இன்றைக்குக் கடைசி எழுத்து வரைக்கும் கேட்டாள். பக்கத்து மேஜைப் பெண்கள் கையிலிருந்ததை வைத்துவிட்டு இவளையே பார்த்தார்கள்.

"வணக்கங்க... ஆமா கண்ணு, தேவிப்பிரியாதான்... மார்க்க மாத்தோணும்... எழுதிக்க. மூணு."

"மூணு. எட்டுல இருந்து மூணு... தப்பாச் சொல்லல கண்ணு, சரியாத்தான் சொல்றேன்... சார், நீங்க குறுக்க பேசாதீங்க, நான் அந்தப் புள்ளகிட்டப் பேசிட்டிருக்கறேன்... காரணம் சொல்றேன், ஒண்ணு விடாம எழுது. நேத்துப் போட்ட எட்டு அப்பிடியே பாண்டித்துரை பேருல இருக்கட்டும். இன்னைக்கு மறுக்காப் பாத்ததுல புதுசா ஒரு குறை கண்டுபுடிச்சேன். பெரிய குறை. எட்டு போட்டதுக்காக அந்த மெக்கானிக்க இன்னையோட நிறுத்தறேன்னு சொல்லி, என்கிட்ட பத்து கேக்கறாங்க... ஆமா, மிரட்டித்தான். இந்த மூணு மேனேஜரு சசிகுமார் பேருல போகோணும்... சசிகுமார்... ஆமா, லைன்லயேதான் இருக்கறாரு, அவரே கேட்டுட்டுத்தான் இருக்கறாரு."

இப்போது இரண்டு குரல்களும் ஒன்றின்மேல் ஒன்று ஏறி வந்தன. போனைக் காதிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்துக்கொண்டாள்.

"என்னங்க சார்... நிறுத்தறேன்னு நீங்க சொல்லவே இல்லியா... சும்மா பேச்சுக்குச் சொன்னதுங்களா... நெம்ப நல்லதுங்க. அப்ப அதையே இந்தப் புள்ள காதுல உழுகற மாதிரி சொல்லிப்போடுங்க. பேரச் சொல்லிச் சொல்லுங்க, ரெக்கார்டு ஆகுது... இல்லீங்க, ‘அவரு’ன்னு சொன்னா யாருக்குத் தெரியும்... ம்... பாண்டித்துரைய... ம்... நிறுத்தல. எழுதிட்டியா கண்ணு?... படிச்சுக் காட்டு பாக்கலாம்... ம். செரியா இருக்குது."

பக்கத்து மேஜையில் ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். தேவிப்பிரியா சிரிக்கவில்லை.

"மூண மறுபடி மாத்தறதா... இப்ப முடியாது. ஆல்ட்டர் பண்ணுன பீஸத் திருப்பிப் பாக்காம நான் பாஸ் போடறதில்ல... நாளைக்குக் காத்தால ஒம்பது மணிக்கு நேர்ல போயிப் பாப்பேன். அந்த மனுஷன் வேலைல இருந்தாருன்னா அங்கிருந்தே உனக்குக் கூப்பிட்டு எட்டு போடச் சொல்றேன். இல்லீன்னா மூணும் கெடையாது... நாளான்னிக்குமா? போவேன். அடுத்த மாசமும் போவேன்... சார், நீங்க இருங்க... இல்ல கண்ணு, பத்தெல்லாம் இல்ல. ஒம்பதும் இல்ல... அது எனக்கும் சொன்னாங்க. எட்டுன்னாச் சைபருங்கறது உங்க கணக்கு. என்ற கணக்குல எட்டுன்னா நல்ல வண்டி, நல்ல மெக்கானிக்கு. வெக்கறேன்."