முப்பது வரை எண்ணியவர்கள்

மின்விசிறியை உங்கள் பக்கம் திருப்பி வைக்கிறேன், டாக்டர். பாரோயில் மத்தியான வெயில் கொஞ்சம் மோசம். மழை வந்தால் கொசு, வராவிட்டால் இந்தப் புழுக்கம். தேநீரில் சீனி போடவில்லை, வேண்டுமானால் போட்டுக்கொள்ளுங்கள்.

சந்திரன் எழுதிய கடிதத்தை இரண்டு தடவை படித்துவிட்டேன். அவன் கையெழுத்துதான், சந்தேகமில்லை. 'எங்கள் தோட்டத்தில் நான் சொல்லிக்கொடுத்த முறை பலிக்கவில்லை. என்னால் ஐந்து பேருக்கு நோய் வந்துவிட்டது. மற்ற ஊர்களில் யாரும் இதை நம்பிக் கெட்டுப்போக வேண்டாம்.' இது மூன்று வருஷமாகக் கோலாலம்பூரில் உங்கள் அலுவலகத்தில் ஏதோ ஒரு கோப்பில் கிடந்திருக்கிறது. இப்போது யாரோ எடுத்துப் படித்து, அந்த முறையையே நிறுத்திவிடலாமா என்று யோசிக்கிறீர்கள். அதைப் பற்றி என் கருத்தைக் கேட்டு வந்திருக்கிறீர்கள்.

நிறுத்தக்கூடாது, டாக்டர். முறையில் தப்பில்லை. இருபத்தாறு வருஷம் தோட்ட மருந்தகத்தில் டிரஸ்ஸராக இருந்தவன் சொல்கிறேன். மருந்து விஷயத்தில் பொய்யான ஒரு முடிவு எழுதப்படுவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. ஏன் தப்பில்லை என்று சொல்ல வேண்டுமானால் கொஞ்சம் முன்னால் போக வேண்டும்.

பகாவிலிருந்து ஒன்பது மைல் உள்ளே எங்கள் தோட்டம். ரப்பர் பால்மரத்தை வெட்டிச் சாய்த்துவிட்டு எண்ணெய்க்குச் செம்பனை நட்டுக்கொண்டிருந்த காலம். லயத்து வரிசை வீடுகளில் இருந்த பையன்கள் பாதிப் பேர் செனாவாங் தொழிற்சாலைகளுக்குப் போய்விட்டார்கள். போனவர்களில் சிலர் ஹெராயின் பொடிப் பழக்கத்தோடு திரும்பி வந்தார்கள். முதலில் புகைத்தார்கள், பிறகு ஊசி. ரப்பர்ஷீட்டுக்குப் புகை போடும் பழைய கூடம் ஒன்று சும்மா கிடந்தது, அங்கேதான் கூடுவார்கள். ஏழு பேர். ஏழு பேருக்கும் ஒரே ஊசி. பகாவ் மருந்துக்கடையில் அவர்களுக்கு ஊசி விற்கமாட்டார்கள். சட்டைப்பையில் ஊசி இருந்தால் போலீஸ் பிடிக்கும். அதனால் ஒன்றையே தேய்த்துத் தேய்த்து வைத்திருந்தார்கள்.

சந்திரனும் அப்படிப் போய்க் கெட்டவன்தான். சீர்திருத்த மையத்தில் இரண்டு வருஷம் இருந்துவிட்டுத் தொண்ணூற்று மூன்றில் திரும்பி வந்தான். அப்போது அவனுக்கு வயது இருபத்தொன்பது. பழக்கத்தை விட்டிருந்தான், ஆனால் ரத்தத்தில் எச்.ஐ.வி. இருந்தது. அதை அவன் மறைக்கவில்லை. வந்த மறுவாரமே லயத்துக் குழாயடியில் நின்று எல்லாருக்கும் சொன்னான். பெண்கள் குடத்தை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிட்டார்கள். அவன் அதைப் பொருட்படுத்தவில்லை.

கோலாலம்பூரில் உங்களைப் போன்றவர்களிடம் நோய்த்தடுப்பைப் பற்றிப் படித்துவிட்டு வந்திருந்தான். ஏழு பேரையும் பஸ்ஸில் சிரம்பானுக்குக் கூட்டிப்போய் ரத்தம் பார்க்கவைத்தான். லாரி அட்டெண்டன்ட் மணியத்துக்கு மட்டும் நோய் இருந்தது. மற்ற ஆறு பேருக்கும் இல்லை. மணியமே அதை மற்றவர்களிடம் சொன்னான், சந்திரன் சொல்லவைத்தான். அதற்குப் பிறகுதான் அந்த முறை. ஊசியைத் தண்ணீரில் கழுவ வேண்டும். பிறகு துணி வெளுக்கும் மருந்தை உறிஞ்சி, முப்பது எண்ணும்வரை குலுக்கிக் கொட்ட வேண்டும். பிறகு மறுபடியும் தண்ணீர். 'விடச் சொல்லி நான் உங்களை அடிக்கப்போறதில்ல. விடற வரைக்கும் உயிரோட இருங்கடா. அது போதும்லா' என்பான். அவர்கள் கேட்டார்கள். நான் எத்தனை வருஷம் புத்தி சொல்லியிருப்பேன், என்னைக் கண்டால் ஓடியவர்கள் அவன் பேச்சைக் கேட்டார்கள். எனக்கு அதில் வருத்தமில்லை.

ஒருமுறை கோயில் மண்டபத்தில் நோயைப் பற்றிப் பேசக் கூட்டம் போட்டார்கள். நான் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். சனங்கள் கேள்வியெல்லாம் சந்திரனிடம் கேட்டார்கள். நடுவில் ஒரு விளக்கம் சொல்ல நான் எழுந்தேன். பின்னாலிருந்து ஒரு பெண், "நீங்க உக்காருங்க ஐயா, அவன் நல்லாத்தானே சொல்றான்" என்றாள். மரியாதையாகத்தான் சொன்னாள். நான் உட்கார்ந்துகொண்டேன்.

வெளுப்பு மருந்தைச் சந்திரன் பெரிய டின்னில் வாங்கிவருவான். வீட்டில் வைத்தால் வேலையாட்களை மேய்க்கும் மண்டோர் வந்து கொட்டிவிடுவார். பொடிக்காரனுக்கு உதவுகிற சாமான் எதுவும் லயத்தில் இருக்கக்கூடாது என்பது அவர் சட்டம். நான்தான் கூப்பிட்டுச் சொன்னேன், மருந்தகத்து ஸ்டோரில் வைத்துக்கொள், பூட்டு இருக்கிறது என்று. கண்சொட்டு மருந்துக் காலிப் புட்டிகளும் என்னிடம் நிறைய இருந்தன. "புட்டியில ஊத்தி நானே தர்றேன், நீ வந்து எடுத்துக்க" என்றேன். அவன் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டான். "இந்த எஸ்டேட்ல எங்கள மனுசனா பாக்கறது நீங்க ஒருத்தர்தான் ஐயா."

நல்ல எண்ணத்தில்தான் சொன்னேன். இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

பஞ்சாலை என்று ஒரு பெண். செம்பனைக்கு உரம் போடுகிற வேலை. இரண்டு கையும் வெந்து தோல் உரிந்திருக்கும், களிம்புக்காக என்னிடம் வருவாள். அவள் புருஷன் மாயாண்டி அந்த ஏழு பேரில் ஒருவன். வீட்டில் சமையல் கேஸ் தோம்பைத் தூக்கி விற்றான், அவள் தாலிக்கொடியை விற்றான். ஒருநாள் காலையில் கட்டுப் போடும்போது அழுதாள். "இவன் செத்தாத்தான் ஐயா எனக்கு விடியும். அந்தச் சந்திரன் என்னடான்னா ஊசியக் கழுவிக் கழுவிக் குடுத்து இவன நூறு வயசு வாழவைக்கிறான்."

அவள் போனபிறகு நெடுநேரம் யோசித்தேன். இந்த ஏழு பேரால் அவதிப்படுகிற பெண்கள் எத்தனை பேர், பிள்ளைகள் எத்தனை பேர். பயம் ஒன்றுதான் அவர்களை நிறுத்தியிருக்கும். அந்தப் பயத்தைச் சந்திரன் எடுத்துவிட்டான். மருத்துவம் என்பது சில சமயம் நோயை அதன் போக்கில் விடுவதுதான். இதை நான் உணர்ச்சிவசப்பட்டுச் சொல்லவில்லை.

அன்று மாலை புட்டிகளில் குழாய்த் தண்ணீரை ஊற்றினேன்.

வெறும் தண்ணீர் என்றால் கண்டுபிடித்துவிடுவார்கள். அதனால் ஒவ்வொரு புட்டியிலும் மருந்து இரண்டு சொட்டு விட்டேன், மூடியின் உட்புறத்திலும் கொஞ்சம் தடவினேன். திறந்தால் மூக்கில் ஏறும். வாசனை இருந்தால் ஆட்கள் நம்புவார்கள் என்பது மருந்தகத்தில் முதல் வருஷமே தெரிந்துகொள்கிற விஷயம். டின்னில் மிஞ்சிய மருந்தைத் தரை கழுவ எடுத்துக்கொண்டேன். அந்த வருஷம் எங்கள் மருந்தகத் தரை பளபளவென்று இருந்தது. மேனேஜர் பார்த்துவிட்டுப் பாராட்டினார்.

பதினான்கு மாதம்.

நடுவில் ஒருநாள் பகல் மூன்று மணிக்குப் புகைக்கூடத்துக்குப் போனேன். ஒருவனுக்கு முழங்கையில் சீழ்க்கட்டி, காய்ச்சலில் நடக்க முடியவில்லை என்று ஆள் அனுப்பியிருந்தார்கள். உள்ளே பழைய புகையின் வாடை. சுவரெல்லாம் கரி. நான் போனபோது மாயாண்டி ஊசியைக் கழுவிக்கொண்டிருந்தான். மணியம் போட்டு முடித்து அவனிடம் கொடுத்த ஊசி. கடைசியாகப் போட வேண்டியவன் மணியம், சந்திரன் அப்படித்தான் விதி வைத்திருந்தான். அன்று மணியத்துக்குக் கைகால் உதறல், பாவம் என்று முதலில் விட்டுக்கொடுத்திருக்கிறார்கள். புட்டியில் மருந்து இருக்கிறதே, கழுவினால் போகிறது என்ற தைரியம்.

மாயாண்டி என் புட்டியைத் திறந்து உறிஞ்சினான். பிறகு குலுக்க ஆரம்பித்தான். எல்லாரும் சேர்ந்து எண்ணினார்கள், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மாதிரி, சத்தமாக. ஒன்னு, ரெண்டு, மூனு. பதினேழு வரும்போது ஒருவன் இருமினான், எண்ணிக்கை தவறிவிட்டது. விட்டுவிடுவார்கள் என்று நினைத்தேன். "மொதல்லேர்ந்துடா" என்றான் மாயாண்டி. மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினார்கள். பொடிக்காக உடம்பு பறக்கிறவர்கள், டாக்டர். ஒரு நிமிஷம் பொறுக்க முடியாதவர்கள். முப்பதுவரை எண்ணி முடித்தார்கள்.

மாயாண்டி என்னைப் பார்த்து, "சரியா செய்றேனா ஐயா?" என்றான்.

"நல்லா குலுக்கு" என்றேன்.

பிறகு கட்டியைக் கீறிச் சீழ் எடுத்துக் கட்டுப் போட்டுவிட்டு வந்தேன். சுத்தமான கத்தி, சுத்தமான பஞ்சு. அந்தப் புண் ஒரு வாரத்தில் ஆறிவிட்டது.

இந்த வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு தடிகா இருக்கிறது, பாலர்பள்ளி. சின்னப் பிள்ளைகள் மலாயில்தான் எண்ணுகிறார்கள், சத்து, டுவா, தீகா என்று. எனக்கு அது தமிழில் கேட்கிறது. பதினேழில் நிற்கும். நின்றுவிட்டு முதலிலிருந்து தொடங்கும். பிள்ளைகளுக்கு விடுமுறை விட்ட நாட்களிலும் கேட்கிறது. நான் ஜன்னலைச் சாத்திவிடுவேன். அதனால்தான் இந்தப் புழுக்கம், மன்னியுங்கள். காதில் ஏதோ கோளாறு என்று நினைக்கிறேன், வயதாகிறதே.

தொண்ணூற்று ஐந்தில் சந்திரன் அவர்களை மறுபடி சிரம்பானுக்குக் கூட்டிப்போனான். முடிவு வர இரண்டு வாரம். ஆறு பேரில் ஒருவன் இடையில் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போயிருந்தான், அவன் தப்பினான். மற்ற ஐந்து பேருக்கும் வந்துவிட்டது.

காகிதங்களை எடுத்துக்கொண்டு சந்திரன் நேராக என்னிடம்தான் வந்தான். மருந்தகத்துப் பெஞ்சில் உட்கார்ந்தான். சட்டை நனைந்திருந்தது, பஸ் நிற்குமிடத்திலிருந்து ஓடிவந்திருக்கிறான்.

"ஐயா, நான் முப்பதுன்னுதானே சொன்னேன்?"

"ஆமாம்."

"இருபதுன்னு எங்கயாச்சும் சொல்லியிருப்பேனா?"

"நான் கேட்டவரைக்கும் முப்பதுதான்."

கையிலிருந்த காகிதங்களை மறுபடி புரட்டினான். பிறகு தலையைத் தூக்கினான். "மருந்துல ஏதாச்சும் கோளாறு இருக்குமா ஐயா? பழசாயிருச்சா?"

அப்போது நான் சொல்லியிருக்கலாம். நீங்கள் கேட்கப்போவது அதுதான் என்று தெரியும். "பூட்டிவச்ச ஸ்டோர்ல இருந்த மருந்து சந்திரா, என் கையால ஊத்தினது" என்றேன். அதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை. தோளில் தட்டிக்கொடுத்தேன். "உன் மனசு நல்லது. ஆனா இதெல்லாம் படிச்சவன் செய்ய வேண்டிய வேலை."

அவன் தலையாட்டினான். ரொம்ப நேரம் ஆட்டிக்கொண்டே இருந்தான். அந்த வாரம்தான் உங்களுக்குக் கடிதம் எழுதியிருக்கிறான், தேதியைப் பாருங்கள். லயத்தில் யாரும் அவனை அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. அவனே வீடுவீடாகப் போய், என்னாலதான், என்னாலதான் என்று சொல்லிக்கொண்டு திரிந்தான். பத்தாம் நாள் புகைக்கூடத்தில் கிடந்தான். நாலு வருஷம் தொடாத ஊசி கையில் குத்தியபடி இருந்தது. பழைய அளவை அப்படியே போட்டிருக்கிறான், உடம்பு தாங்கவில்லை. நோய்க்காரன் பிணம் என்று யாரும் தொடவில்லை. நான்தான் குளிப்பாட்டினேன். இதை நான் பெருமைக்குச் சொல்லவில்லை. சட்டைப்பையில் என் புட்டி ஒன்று இருந்தது, பாதி காலியாக. கடைசி ஊசியையும் கழுவித்தான் போட்டிருக்கிறான். தனியாக உட்கார்ந்து முப்பதுவரை எண்ணியிருப்பான்.

பஞ்சாலை அப்போது ஆறு மாதம். அவள் பிள்ளைத்தாய்ச்சி என்பது எனக்கு முன்னமே தெரியும், மாதாமாதம் என்னிடம்தானே வந்தாள். மாயாண்டியின் ரத்தத்தில் இருப்பது அவள் ரத்தத்துக்குப் போகும் என்பதும் தெரியும். அதை நான் யோசிக்கவில்லை என்று சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள். யோசித்தேன். கடவுள் விட்ட வழி என்று விட்டுவிட்டேன். பிரசவத்துக்கு முன்னால் அவளுக்கும் ரத்தம் பார்த்தார்கள். முடிவு தெரிந்த மறுநாள் என்னிடம் வந்து நின்றாள். "சந்திரன் அண்ணன நம்பி மோசம் போயிட்டோம் ஐயா. ஆரம்பத்துலேர்ந்து உங்க பேச்சக் கேட்டிருக்கணும்" என்றாள்.

சத்து மாத்திரை கொடுத்து அனுப்பினேன். பல மாதங்களுக்குப் பிறகு அன்று ராத்திரி எனக்கு நல்ல தூக்கம் வந்தது.

மாயாண்டி போன வருஷம் இறந்தான். மணியமும் இன்னும் இரண்டு பேரும் அவனுக்கு முன்னாலேயே போய்விட்டார்கள். மற்ற இருவரும் எலும்பும் தோலுமாகக் கிடக்கிறார்கள் என்று கேள்வி. பஞ்சாலைக்கு வாயெல்லாம் புண்ணாம்.

ஆகவே முறையில் தப்பில்லை, டாக்டர். மருந்தைக் களவாடினேன், தண்ணீரை நிரப்பினேன், தெரிந்தே கொடுத்தேன். ஐந்து ஆண்களுக்கும் ஒரு பெண்ணுக்கும் அந்த நோயைக் கொடுத்தது நான். சந்திரனைக் கொன்றதும் நான். அவன் சொல்லிக்கொடுத்தது சரி, அவர்கள் எண்ணியதும் சரி. உங்கள் கையேட்டில் ஒரு வரியையும் மாற்ற வேண்டாம். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். போலீஸுக்குக் கொடுப்பதானாலும் எனக்கு ஆட்சேபணையில்லை.

பஞ்சாலையின் பெண்பிள்ளைக்கு இப்போது மூன்று வயது முடிந்துவிட்டது, இன்னும் ரத்தம் பார்க்கவில்லை என்றீர்களே. அவளை வேறு யாரிடமும் கொண்டுபோகாதீர்கள். சின்னப் பிள்ளைக்கு நரம்பு கிடைப்பது கஷ்டம், தெரியாதவர்கள் நாலு இடத்தில் குத்திவிடுவார்கள். என்னிடம் கூட்டிவாருங்கள். என்மேல் அந்தக் குடும்பத்துக்கு நம்பிக்கை உண்டு.