சான்று: கணவர்

காலை ஐந்தரைக்கு எழுவேன். கரியடுப்பில் மக்காச்சோளக் கஞ்சி வைப்பேன். ஆறு மணிக்கு என் மனைவி தெம்வாவை எழுப்பிக் கஞ்சியையும் மாத்திரையையும் கொடுப்பேன். அவள் விழுங்கிய பிறகுதான் மருத்துவமனைக்குக் கிளம்புவேன்.

ஆசிரியர் அவர்களே, உங்கள் மருத்துவ இதழில் வெளிவந்த அவளுடைய நோய் அறிக்கையில் ஒரு வரி தவறு. அதைத் திருத்தவே எழுதுகிறேன்.

நான் டாக்டர் அல்ல. ம்சூசு நகர மருத்துவமனையில் மூன்றாண்டுப் படிப்போடு வைத்தியம் பார்க்கும் துணை மருத்துவ அலுவலர். தெம்வா மெலிந்துகொண்டே போனபோது மூன்று முறை மலேரியா என்று எழுதினேன். டாக்டர் ம்ஹாங்கோ அவளுடைய ஈறு கறுத்திருப்பதைப் பார்த்தார். சிறுநீரகத்தின் மேலுள்ள சுரப்பி பழுது என்று ஒரே நாளில் கண்டுபிடித்து, ஆயுள் முழுக்கத் தினமும் விழுங்க வேண்டிய மாத்திரையைக் கொடுத்தார்.

"மூணு தடவை மலேரியாவா வொங்கானி? கொசுவே உன் மேல கேஸ் போட்டுரும்டா" என்றார். நர்சுகள் சிரித்தார்கள். தெம்வாவும் சிரித்தாள். அவள் சிரித்து நான்கு மாதமாகியிருந்தது.

அவர் அறிக்கை எழுதத் தொடங்கினார். உங்கள் விதிப்படி தேதிவாரியாக எல்லாம் வேண்டும். என் மூன்று மலேரியாக்களும் அட்டவணையில் ஏறின. அதில் எனக்கு வருத்தமில்லை. நோயாளியின் சொந்த வார்த்தைகளும் வேண்டும். அதற்காக இரண்டு பிற்பகல்கள் அவளருகில் உட்கார்ந்திருந்தார். படுத்தால் எழமாட்டேனோ என்று தினமும் பயந்ததாக அவள் சொல்லியிருந்தாள். அதை நான் அவருடைய கைப்பிரதியில்தான் படித்தேன்.

"நாலு வருஷமா பக்கத்துல படுத்திருக்கேன். எங்கிட்ட சொல்லலையே" என்றேன் அவளிடம்.

"நீங்க கேக்கலையே. அவரு கேட்டாரு. அந்தக் கட்டத்தை நிரப்பணுமாம் அவருக்கு."

மருந்து ஒழுங்காக உட்கொள்ளப்பட்டதா, எப்படி உறுதி செய்தீர்கள் என்றும் உங்கள் விதி கேட்கிறது. "வீட்டுலயே சாட்சி நீ இருக்கியே" என்று ம்ஹாங்கோ எழுதிக்கொண்டார்: தினமும் உட்கொண்டார்; சான்று, கணவர்.

ஆறு மாத முடிவில் நோயாளி எப்படி இருக்கிறார் என்று தெரிந்தால்தான் வெளியிடுவோம் என்று நீங்கள் பதில் அனுப்பினீர்கள். அப்போது ஐந்து மாதம் முடிந்திருந்தது. அந்த ஞாயிறன்று அவளுடைய மாத்திரைப் புட்டியைக் காலிசெய்து, சுண்ணாம்புச்சத்து மாத்திரைகளை நிரப்பினேன். அவையும் வெள்ளைதான்.

அவள் சாக வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. 'முழு நலம்' என்று அவர் எழுதக் கூடாது, அவ்வளவுதான். மூன்றாம் நாள் அவளால் நிற்க முடியவில்லை. நான் தாங்கிப் பிடித்துக் குளிப்பாட்டினேன், ஊட்டிவிட்டேன். எங்கள் மணவாழ்வில் அதைவிட நெருக்கமான நாட்கள் இல்லை. ஆறாம் நாள் வாந்தி நிற்கவில்லை. அப்போதும் மலேரியா என்றுதான் எழுதினேன். பக்கத்து வீட்டார் ம்ஹாங்கோவை அழைத்துவந்தார்கள்.

மரணத்தின் காரணம் தெளிவாகவில்லை என்று அச்சிட்டிருக்கிறீர்கள். காரணம் நான். சான்று என்ற வரியை நீக்கிவிடுங்கள்.

என் கையைப் பிடித்துக்கொண்டு என்னிடம் பேசியபடியே போனாள் என்று தேவாலயத்தில் சொன்னேன். அதுவும் சரியல்ல. ம்ஹாங்கோ ஊசி போட நரம்பு தேடிக்கொண்டிருந்தார். அவள் அவரைப் பார்த்துத்தான் சொன்னாள்:

"அவரைத் திட்டாதீங்க டாக்டர். ஒரு நாள்கூட அவர் மறக்கல."