ஒமானில் மஃரிப் எத்தனை மணிக்கு?

— ஹலோ... ஹலோ... நிஃப்லா, கேக்குதா ஒனக்கு?

— கேக்குது, கேக்குது. காத்துச் சத்தம்தான் கூட. நீங்க இப்ப எங்க இரிக்கிறீங்க?

— அதே ஒமான்தான். சவூதி எல்லைக்கு இன்னம் கன தூரம் இரிக்கி. ரோட்டோரத்துல ஒரு தகரக் கொட்டில். சைக்கிளையும் உள்ளுக்கு எடுத்துட்டுக் குந்தியிரிக்கிறேன்.

— தனியவா?

— தனியத்தானே. உம்றாவுக்கு சைக்கிள்லயே தனியப் போறேண்டு வெளிக்கிட்டது நான்தானே. பொறகு யாரு இரிக்கப் போறாங்க?

— இல்ல... சும்மா கேட்டேன். வீடியோவப் போடுங்களேன். மொகத்தக் கண்டு கன நாள்.

— சிக்னல் இல்ல புள்ள. போட்டா கோலே கட்டாயிரும். நீ என்ன, இப்பிடி மூச்சு வாங்குது?

— தண்ணி தூக்கிட்டு வந்தேன். அத விடுங்க. சாப்பிட்டீங்களா?

— ஓம், ஓம். பாணும் டின்மீனும்.

— ஒமான்ல பாணா?

— குப்பூஸ்... அரபி ரொட்டி புள்ள. பாண் மாதிரித்தானே எல்லாம்.

— ம்... மகள் கேட்டா, வாப்பா மக்காவுக்குக் கிட்டப் போயிட்டாராண்டு.

— நீ என்ன சொன்ன?

— கிட்டத்தான் இரிக்கிறார்ண்டு சொன்னேன்.

— பயமா இரிக்கி நிஃப்லா.

— ...சொல்லுங்க.

— சிரிக்க மாட்டியே?

— நான் எப்ப ஒங்களப் பாத்துச் சிரிச்ச?

— தலப்பாவும் கட்டி, அதுக்கு மேல ஹெல்மெட்டும் போட்டு சைக்கிள்ல ஏறின அண்டைக்கு.

— அது வேற. அழுக வந்திரும்ண்டுதான் சிரிச்சது. அழுதிட்டு நிண்டா நீங்க போயிரிக்க மாட்டீங்களே. சொல்லுங்க, என்னத்துக்குப் பயம்?

— முதல்ல நல்லாத்தான் போச்சு. மஸ்கட்ல எறங்கி சைக்கிளப் பூட்டி மிதிச்சா, போற எடமெல்லாம் மனிசர் கூப்பிட்டுப் பேரீச்சம்பழம் தாறாங்க, கஹ்வாக் கோப்பி தாறாங்க. ஒரு பாகிஸ்தான் லொறிக்காரன் தன்ட ரொட்டில பாதியப் பிச்சுத் தந்தான். மலையால எறங்கக்குள்ள மிதிக்கவே தேவையில்ல, சைக்கிள் பறக்குது. நான் தனியச் சத்தம் போட்டுச் சிரிச்சேன் புள்ள. இந்தச் சந்தோசம் ஊர்ல எவனுக்குக் கெடைக்கும்ண்டு.

— பொறகு?

— பொறகு மல முடிஞ்சிட்டு. வெறும் வெளி. மரமில்ல, வேலியில்ல, ஒரு காகம் இல்ல. பெரிய லொறி ஒண்டு பக்கத்தால போனிச்சு, அந்தக் காத்து என்னச் சைக்கிளோட தூக்கி மணலுக்குள்ள போட்டிட்டு. முழங்கை உரிஞ்சு போச்சு. எழும்பிப் பாத்தா லொறி தூரத்துல ஒரு பொட்டா போகுது. தண்ணிப் போத்தலும் ஒடஞ்சு...

— யா அல்லாஹ். இத ஏன் எனக்கு அண்டைக்கே சொல்லல்ல?

— சொன்னா நீ திரும்பி வரச் சொல்லுவ. கேளு... பின்னேரம் ஒரு பிக்கப் வந்திச்சு. என்னத் தாண்டிப் போய் நிண்டிச்சு. ஒருத்தன் எறங்கி என்னையே பாத்திட்டு நிக்கிறான். நான் சைக்கிளப் போட்டுட்டு ஓடினேன். மணலுக்குள்ள, ஒரு கால்ல சப்பாத்தும் இல்லாம.

— என்ன செஞ்சான்?

— ஐஸ் தண்ணி தந்தான். அதுக்குத்தான் நிண்டிரிக்கான் பாவம்.

— அல்ஹம்துலில்லாஹ். பொறகென்ன பயம்?

— அவன் போயிட்டானே. அதுதான் பயம். வாகனம் வந்தாலும் பயம், போனாலும் பயம். ஆயத்துல் குர்ஸி ஓதினேன், என்ட குரலே வேற யாரோ ஓதுற மாதிரிக் கேட்டிச்சு. அண்டைக்குப் புடிச்ச நடுக்கம் இன்னம் விடல்ல நிஃப்லா.

— திரும்பி வாங்க.

— பாத்தியா, சொன்னேனே...

— வாங்கண்டா வாங்க. ஒருத்தரும் ஒண்டும் சொல்ல மாட்டாங்க.

— எப்பிடி வாற? ஜும்மாவுக்குப் பொறகு ஊரே நிண்டு துஆ கேட்டு அனுப்பினது. ஸ்கூல் சந்தில என்ட படத்தப் போட்டு பெனர் கட்டியிரிக்கி.

— அது காத்துல கிழிஞ்சு போச்சு.

— பெனர் கிழியும், வாய் கிழியாதே. பாதிவழி ஹாஜியார்ண்டு பட்டம் வெப்பாங்க. சாகுமட்டும் அதான் பேரு. மகளுக்கும் அதான் பேரு.

— வெக்கட்டுமே. நானும் கூப்பிடுறேன் அப்பிடியே. பாதிவழி ஹாஜியார், தேத்தண்ணி குடிக்க வாங்கண்டு.

— வெளையாடாத புள்ள. கேளு, நாளைலருந்து கோல் எடுக்க மாட்டேன். சிக்னலே இல்லாத எடத்துக்குப் போறேன்.

— எவ்வளவு நாளைக்கு?

— தெரியா. ரெண்டு மாசம்... கூடவும் ஆகும். நீ தேட வாணாம்.

— தேட வாணாமா? இப்பிடிக் கதைக்காதீங்க. நீங்க ஏதும்... ஏதும் கூடாத நெனப்புல இல்லயே?

— சீச்சீ. அப்பிடி ஒண்டுமில்ல. மஃரிப் தொழுதிட்டு மொதல் வேலையா ஒனக்குத்தானே எடுத்தேன்.

— மஃரிப் தொழுதிட்டீங்களா?

— ஓம், இப்பதான்.

— நானும் இப்பதான் தொழுதிட்டு வாறேன். ஒமான் எங்களுக்கு ஒண்டரை மணித்தியாலம் பிந்தித்தானே. அங்க இப்ப வெயில் இரிக்கணுமே.

— நான் முஸாபிர்தானே. பயணத்துல சேத்துத் தொழலாம்தானே.

— லுஹரோட அஸரச் சேக்கலாம். சூரியன் விழ முந்தி மஃரிப எப்பிடித் தொழுற?

— மணல்காத்து புள்ள... வானம் இருட்டிப் போச்சு. நேரம் வெளங்கல்ல. அல்லாஹ் மன்னிப்பான்... பொறு.

— என்ன?

— பொறு, பொறு. வெளிய ஏதோ சத்தம்.

— ஒட்டகமா இரிக்கும்.

— இல்ல... காலடி. யாரோ நடந்து வாறாங்க. நாயும் குலைக்குது.

— எனக்கும் கேக்குது.

— நிண்டிட்டு. கதவுக்குக் கிட்ட நிண்டிட்டு நிஃப்லா... மெதுவாக் கதை.

— ஒராள்தானா?

— தெரியா. லைட்ட அணைச்சிட்டேன். யா அல்லாஹ்... தகரத்துல தட்டுது.

— தொறந்து பாருங்களேன்.

— ஒனக்குப் பைத்தியமா? யாரெண்டு தெரியாம எப்பிடித் தொறக்கிற?

— நான்தான். ஒமான்லருந்து களவாத் திரும்பி வந்த ஒங்கள, ஒங்கட கூட்டாளி ஜபார் காக்கா தன்ட மீன் வாடிக் கொட்டில்ல ஒளிச்சு வெச்சிரிக்கிறத அவர்ட பொஞ்சாதி நேத்தே வந்து சொல்லிட்டா. நாளைக்கு ஒங்கள போட்ல ஏத்தித் தீவுக்குக் கொண்டு போகப் போறார்ண்டும் சொன்னா. தொறங்க மனிசன்... இந்தக் கந்தக்குழிக் கடற்கரை இருட்டுல எனக்கும் பயமா இரிக்கி.